விருந்தினர் ஏணி

எங்கள் நகராட்சியில் வேறு எதற்குப் பணம் இல்லாவிட்டாலும் பூங்கொத்துக்கு உண்டு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பூங்கொத்து வாங்குகிறவனே நான்தான். ‘விருந்தோம்பல், விருதுகள், அன்பளிப்புகள்’ என்று கதவில் பலகை. உள்ளே நான், ஒரு மேசை, இரண்டு இரும்பு அலமாரிகள். ஒன்றில் பெயர் பொறிக்காத கேடயங்கள் வரிசையாக நிற்கும். யாரைப் பாராட்டப் போகிறோம் என்று தெரியாவிட்டாலும் பாராட்டு தயாராக இருக்க வேண்டும் அல்லவா? இன்னொன்றில் நகராட்சிச் சின்னம் போட்டு, தங்க விளிம்பு வைத்த பன்னிரண்டு தேநீர்க் கோப்பைகள். அவற்றில் சாதாரண வாய் படக்கூடாது. பதினெட்டு வருடங்களாக அவற்றைத் துடைத்து அடுக்குகிற என் வாயும் சாதாரண வாய்தான்.

என் மேசையிலும் ஒரு கேடயம் உண்டு. காற்றில் காகிதம் பறக்காமல் இருக்க அதைத்தான் வைக்கிறேன். நாலு வருடங்களுக்கு முன் ஓர் ஒப்பந்தக்காரர், அப்போதிருந்த தலைவருக்கு ஒரு சோபாவைப் பரிசாக அனுப்பினார். அது மாடிப்படியில் சிக்கி, அரை நாள் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்று, ஊரே வந்து வேடிக்கை பார்த்துவிட்டது. இனி இப்படி நடக்காதபடி விதிகள் எழுது என்று எனக்கு உத்தரவு. எனக்கும் அந்தச் சமயம் நேர்மை கொஞ்சம் தலைக்கேறியிருந்தது. முப்பது பக்கத்துக்கு ஒரு புத்தகமே எழுதினேன். ஊழியர்களிடமிருந்தும் ஒப்பந்தக்காரர்களிடமிருந்தும் ஒரு கோப்பைத் தேநீருக்கு மேற்பட்ட எதையும் நகராட்சியோ அதன் அலுவலர்களோ பெறக்கூடாது என்பது அதில் ஒன்று. அலுவலர்களைத் தடுத்தால் போதும் என்றுதான் சொன்னார்கள். நகராட்சியையும் நானாகச் சேர்த்தேன். அதற்குத்தான் அந்தக் கேடயம்.

இந்தப் பெருமையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான். அன்று அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். பழைய மிதி இயந்திரம். பத்து மிதிக்கு ஒருமுறை வார் கழன்று விழும், திட்டிக்கொண்டே மாட்டுவாள். அத்தான் ஒரு வாளி வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தான் நகராட்சியின் கழிவுநீர் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர். ஊர் அழுக்கு முழுக்க அவர் கை வழியாகத்தான் ஊரைவிட்டு வெளியே போகிறது. பம்புகள் நிற்பது பதினான்கு அடிக் குழியில். காலை, மதியம், மாலை என்று நாளுக்கு மூன்று தடவை இறங்கி வால்வு திருப்ப வேண்டும், எண்ணெய் விட வேண்டும். இறங்குவதற்குச் சுவரோடு பதித்த ஓர் இரும்பு ஏணி. அத்தான் வேலைக்குச் சேர்ந்தபோதே அதற்கு வயதாகியிருந்தது. துரு தின்றதுபோக இப்போது இரண்டு படிகள் அடியோடு இல்லை. மிச்சப் படிகள் இருக்கின்றன என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

“ஏழு தடவை எழுதிக் குடுத்தாச்சு,” என்றாள் அக்கா. “ஏழு தடவையும் நிதி இல்லைன்னு ஒரே பதில். முந்தாநாள் கால் சறுக்கிடுச்சு. நீ அந்த ஆபீஸ்லதானே உட்காந்திருக்கே, என்னதான் பண்றே?”

“அது பராமரிப்புப் பிரிவுக்கா. நான் வேற பிரிவு.”

“ஆமா, பூ வாங்குற பிரிவு. இவர் விழுந்து ஒண்ணு ஆச்சுன்னா மலர்வளையம் நீதானே வாங்கணும்? அது உன் பிரிவுதானே?”

நான் தேநீரைக் குடிப்பதுபோல் பாவனை செய்தேன். கோப்பை காலியாகி வெகுநேரமாகியிருந்தது.

“விடும்மா,” என்றார் அத்தான். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. “பழகின ஏணி. எந்தப் படியை மிதிக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரியும். படிக்குத் தெரியுமா?”

வீட்டிலிருந்து ஒரு மர ஏணியைக் கொண்டுபோகலாமே என்று யாரும் கேட்பார்கள். அத்தான் கொண்டுபோனார். மூன்றாம் நாள் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. நகராட்சி வளாகத்தில் தனியார் உடைமையைப் பயன்படுத்தியது ஏன், விளக்கம் தரவும். அனுப்பியவர் எங்கள் தணிக்கை அதிகாரி. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. மழை வருமா என்று கேட்டால்கூட அது இரண்டாம் உட்பிரிவில் வருகிறது என்று சொல்லக்கூடிய மனிதர். அதனால் ‘உட்பிரிவு’ என்றே கூப்பிடுகிறோம், அவர் இல்லாத இடத்தில்.

மறுநாள் அலுவலகத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வருவது அத்தி பூத்தாற்போல. வரும்போது அது என் தலையிலேயே விழும்.

அந்த வருடத்தோடு அத்தானுக்கு வேலையில் இருபத்தைந்து வருடம். இருபத்தைந்து முடித்தவர்களுக்கு மேடையில் பரிசு உண்டு. என்ன வேண்டும் என்று அவர்களே படிவத்தில் குறிக்கலாம். சுவர்க் கடிகாரம், பெட்டி, சாப்பாட்டுத் தட்டு செட், மோட்டார் தையல் இயந்திரம் என்று பட்டியல். கடைசியில் ‘பிற’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை இதுவரை ஒருவரும் நிரப்பியதில்லை. அதில் ‘ஏணி’ என்று எழுதினால்? நகராட்சிப் பணத்தில் வாங்கி, நகராட்சிச் சின்னம் பொறித்த ஏணி எப்படித் தனியார் உடைமையாகும்? பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது என்று நான் மேசையைத் தட்டினேன். கேடயம் குலுங்கியது.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். அந்த மோட்டார் இயந்திரத்துக்காக அவள் மூன்று வருடமாகக் காத்திருந்தது எனக்குத் தெரியும். ஜன்னல் ஓரத்தில் அதற்காகவே இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். அந்த இடத்தில் யாராவது ஒரு செருப்பை விட்டால்கூடக் கத்துவாள். இப்போது அந்த வெற்றிடத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு கழன்ற வாரை எடுத்துச் சக்கரத்தில் மாட்டினாள்.

“ஏணின்னே எழுது. நல்லா கெட்டியா பாத்து வாங்கு.”

தேர்வுக் குழு நாற்பத்தொரு படிவங்களைப் பதினைந்து நிமிடத்தில் ஒப்புதல் செய்தது. ஒருவரும் எதையும் படிக்கவில்லை. நான் வைத்த பிஸ்கட் அவ்வளவு நன்றாக இருந்தது.

விழா நாளில்தான் சிக்கல் கண்ணுக்குத் தெரிந்தது. மேடையில் கொடுக்கும் பரிசுகள் வண்ணக் காகிதத்தில் சுற்றப்பட வேண்டும். இதுவும் என் விதிதான். ஒரு காலை முழுக்க நானும் கடைநிலை ஊழியர் ஒருவருமாக ஏணியின் ஒவ்வொரு படியையும் தனித்தனியாகச் சுற்றினோம். உச்சியில் சிவப்பு ரிப்பனில் ஒரு பூ. வரிசையில் கடிகாரம் கடிகாரமாக நகர்ந்துகொண்டிருந்த மேடைக்கு நாலு பேர் பதினான்கடி நீளத்தைத் தூக்கி வந்தபோது தலைவர் ஒரு கணம் வாயடைத்துப் போனார். ஒரு கணம்தான். ஒலிபெருக்கி கையில் இருக்கும்வரை அவருக்கு வாய் அடைக்காது.

“எல்லாரும் கடிகாரம் கேட்டாங்க. இந்த மனுஷன் ஏணி கேட்டிருக்கார்!” என்றார். “என்ன அர்த்தம்? இருபத்தஞ்சு வருஷம் ஆகியும் இன்னும் உயரணும்ங்கற துடிப்பு! இந்த ஏணியில ஏறி அவர் இன்னும் மேல போகணும்!”

கைதட்டல் அடங்க நேரமானது. அத்தான் ஒலிபெருக்கிப் பக்கம் குனிந்தார்.

“ஐயா, இது ஏர்றதுக்கு இல்ல. இறங்குறதுக்கு.”

மண்டபமே சிரித்தது. “என்ன ஒரு தன்னடக்கம் பாருங்க!” என்று தலைவர் அவர் தோளைத் தட்டினார். மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. தலைவரின் முகம் முழுதாகவும் அத்தானின் முகம் ஏணிப்படிகளுக்கு நடுவே கொஞ்சமாகவும் தெரிந்தது.

அன்றே ஏணியைத் தள்ளுவண்டியில் பம்ப் ஹவுஸுக்குக் கொண்டுபோனோம். வாசலில் உட்பிரிவு நின்றுகொண்டிருந்தார், கக்கத்தில் ஒரு கோப்போடு.

“இதை உள்ள விட முடியாது சார். மேடையில கை மாறின நிமிஷமே இது அவரோட சொந்தப் பொருள் ஆயிடுச்சு.”

“நகராட்சிச் சின்னம் இருக்கே சார்!”

“மத்தவங்களுக்குக் குடுத்த கடிகாரத்துலயும்தான் சின்னம் இருக்கு. அதுக்காக அவங்க வீட்டுச் சுவரு நம்ம சுவரா?”

எனக்குச் சுள்ளென்று வந்தது. “சரி, அவரே நகராட்சிக்கு நன்கொடையா குடுத்துடட்டும். இப்பவே எழுதி வாங்கிக்கங்க.”

அவர் கோப்பைத் திறந்தார். உள்ளே என் புத்தகம் இருந்தது. பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டு செருகியிருந்தது. ஊழியரிடமிருந்து, ஒரு கோப்பைத் தேநீருக்கு மேற்பட்ட எதையும், நகராட்சியோ...

“நீங்க எழுதினதுதான் சார். ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க.”

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் நகராட்சிச் செலவில் வைத்துக்கொண்டேன், கேடயமும் வாங்கிக்கொண்டேன். ஏணி அதே வண்டியில் அக்கா வீட்டுக்குத் திரும்பியது. வீட்டுக்குள் அது நுழையாது. ஜன்னலுக்கு வெளியே சுவரில் சாய்த்துவைத்தோம். அக்கா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த வியாழக்கிழமை காலை பழைய ஏணியின் ஏழாவது படி உடைந்தது. அது மிதிக்கலாம் என்று அத்தான் நம்பியிருந்த படி. ஏழடி உயரத்திலிருந்து விழுந்தார். முழங்கால் பிசகி, தாடையில் ஆறு தையல். தலை பம்பின் மூலையில் மோதாமல் ஒரு சாண் தள்ளி விழுந்தது.

பணியில் காயம்பட்டவர்களை நலம் விசாரிப்பது என் பிரிவின் கடமை. பழக்கூடை, மேலே பளபளக்கும் தாள், ‘விரைவில் நலம்பெற நகராட்சி வாழ்த்துகிறது’ என்று அச்சடித்த அட்டை. அதைத் தூக்கிக்கொண்டு என் சொந்த அத்தானின் மருத்துவமனைக் கட்டிலுக்கு நடந்தேன். வாழ்க்கையில் நான் தூக்கியதிலேயே கனமான கூடை அதுதான். அத்தான் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

“இந்த ஆப்பிள் மேல காலை வச்சு இறங்கிப்பாரா?” என்று மெதுவாகக் கேட்டாள். “பத்து நாள்ல திரும்பப் போயாகணும். அதே குழி, அதே ஏணி. மெஷின் வேணாம்னு சொன்னேனே, அது எதுக்குடா?”

வராந்தாவுக்கு வந்து நின்றேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். அவர் செத்திருந்தால் மலர்வளையத்துக்கு எந்தப் படிவம் என்று என் கைக்குத் தெரியும். அது நீல நிறம், மூன்று பிரதிகள். அவர் சாகாமலிருக்க ஒரு படிவம் என்னிடம் இல்லை.

அலுவலகத்துக்கு வந்து என் புத்தகத்தை எடுத்தேன். எழுதியவன்மேல் இருந்த கோபத்தோடு முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அன்பளிப்பு அத்தியாயத்தில் தலையால் தண்ணீர் குடித்தாலும் வழியில்லை. விருந்தோம்பல் அத்தியாயத்தில் இருபத்திரண்டாம் பக்கம் இப்படி இருந்தது: ‘விருந்தினர் பார்வையிடும் இடங்களில் அவர்களுக்குத் தேவையான வசதிகளை, வேறு எந்தப் பிரிவின் ஒப்புதலுக்கும் காத்திராமல், உடனே செய்து தரலாம்.’ ஒருமுறை பூங்காவைப் பார்க்க வந்த குழுவுக்குக் கழிப்பறை இல்லாமல் பட்ட அவமானத்தில் எழுதியது.

அடுத்த வாரம் வேறொரு நகரத்திலிருந்து ஏழு பேர் கொண்ட குழு வருவதாக இருந்தது. பூங்கா, நூலகம், நீரூற்று என்பது பயணத் திட்டம். நீரூற்றை அடித்துவிட்டு ‘பம்ப் ஹவுஸ்’ என்று எழுதித் தலைவர் முன் வைத்தேன்.

“அங்க பாக்குறதுக்கு என்னய்யா இருக்கு?”

“நம்ம ஊரோட அடித்தளம் சார் அது.”

தலைவருக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. வரவேற்புரையில் மூன்று இடங்களில் போட்டுக்கொண்டார்.

ஏழு கடிதத்துக்கு வராத ஏணி நாலே நாளில் வந்தது. அதுவும் எப்படிப்பட்ட ஏணி! துருப்பிடிக்காத எஃகு, இரண்டு பக்கமும் கைப்பிடி, கால் வழுக்காமல் படிக்குப் படி ரப்பர். குழிச் சுவருக்கு வெள்ளையடித்து விளக்கும் போட்டார்கள். குழு வந்தது. மூக்கில் கைக்குட்டையோடு பதினோரு நிமிடம் நின்றது. குழியை எட்டிப் பார்த்து, ஆழம்தான் என்றது. ஒருவரும் இறங்கவில்லை. தங்க விளிம்புக் கோப்பையில் தேநீர் குடித்துவிட்டு, ஆளுக்கொரு கேடயத்தோடு போய்ச் சேர்ந்தது.

மறுநாள் அத்தான் வேலைக்குத் திரும்ப வேண்டும். நான் முன்கூட்டியே பம்ப் ஹவுஸுக்குப் போனேன். ஏணியின் உச்சியில் ஒரு சங்கிலி, பூட்டு, அதன்மேல் பலகை: ‘விருந்தினர்களுக்கு மட்டும்.’ பக்கத்தில் உட்பிரிவு.

நான் கத்தினேன். பதினெட்டு வருடத்தில் ஒரு விருந்தினரிடமும் குரல் உயர்த்தாதவன், அவ்வளவையும் சேர்த்துக் கத்தினேன். நீயெல்லாம் மனுஷனா என்று கேட்டேன். உன் வீட்டு ஆள் இறங்கினா இப்படிப் பூட்டுவியா என்று கேட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். நான் மூச்சு வாங்கும்போது கோப்பைத் திறந்தார்.

“விருந்தினர் நிதியில வாங்கினதை விருந்தினர்தான் பயன்படுத்தணும். அதை என்னால மாத்த முடியாது சார்,” என்றார். “ஆனா விருந்தினர்னா யாருன்னு மூணாம் பக்கத்துல எழுதியிருக்கீங்க. நகராட்சியால வரவேற்கப்பட்டு, பதிவேட்டுல கையெழுத்துப் போடுற எவரும். ஊழியர் கூடாதுன்னு எங்கயும் இல்ல. நான் ரெண்டு தடவை தேடிட்டேன்.”

என் முகத்தைப் பார்க்காமல் பூட்டின் சாவியை என் கையில் வைத்துவிட்டு வெளியே போனார். அவர் எதற்காக இரண்டு தடவை தேடினார் என்பதை நான் யோசித்து முடிப்பதற்குள் அவருடைய சைக்கிள் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

சாவியை அத்தானிடம் கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு நான் பம்ப் ஹவுஸுக்குத் தொலைபேசி செய்தேன். “நகராட்சியின் சார்பில் தங்களை அன்போடு வரவேற்கிறேன்.” அத்தான், “சரிப்பா,” என்பார். விருந்தினர் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார், சங்கிலியைத் திறப்பார், இறங்குவார். மதியம் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அதே வரவேற்பு, அதே கையெழுத்து. பரிசு ஏணி அக்கா வீட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது. அவள் தைத்த உறைகளைத் துவைத்து அதில் காயப்போடுகிறாள். வார் இன்னும் பத்து மிதிக்கு ஒருமுறை கழன்று விழுகிறது. ஆனால் சாயங்காலம் தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் மிதிப்பதை நிறுத்திக் காது கொடுப்பதில்லை. இப்போது தைத்துக்கொண்டே இருக்கிறாள். எனக்கு அது போதும்.

மாத முடிவில் விருந்தினர் எண்ணிக்கையை நான் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். பம்ப் ஹவுஸ் பதிவேடு வந்தது. எழுபத்தெட்டு வருகைகள். பூங்காவுக்கு ஒன்பது, நூலகத்துக்கு நாலு. ஊரிலேயே அதிக விருந்தினர் வருகிற இடம் என்று பம்ப் ஹவுஸுக்கு ஒரு கேடயம் கொடுக்கலாமே என்று தலைவர் குறிப்பெழுதினார். வாங்கிக்கொள்ள அவரே வருவதாகவும் எழுதினார்.

நான் பதிவேட்டைப் புரட்டினேன். பெயர் என்ற கட்டத்தில் அத்தானின் கோணல் கையெழுத்து. வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில் எழுபத்தெட்டு முறையும் ‘வேலை’. விருந்தினரின் கருத்து என்ற கட்டம் பக்கம் பக்கமாகக் காலியாக இருந்தது. கடைசி நாள், கடைசி வரியில் மட்டும் எழுதியிருந்தார்:

‘ஏணி உறுதியாக இருக்கிறது. தேநீர் இன்னும் வரவில்லை.’

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வரும் விருந்தினர் ஒவ்வொருவருக்கும் தேநீர் தர வேண்டும் என்பது என் புத்தகத்தின் முதல் விதி. கைக்குட்டையை மூக்கில் வைத்துப் பதினோரு நிமிடம் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். இருபத்தைந்து வருடம் அந்தக் குழியில் நின்றவருக்கு, சொந்த அத்தானுக்கு, ஒரு நாள்கூடக் கொண்டுபோகத் தோன்றவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

மறுநாள் காலை தொலைபேசியில் வரவேற்றதோடு நிறுத்தவில்லை. பிளாஸ்கில் தேநீரும், அலமாரியிலிருந்து ஒரு தங்க விளிம்புக் கோப்பையும் எடுத்துக்கொண்டு நேரில் போனேன். அத்தான் குழியிலிருந்து ஏறி வந்தார். ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல் ஏறி வந்தார். கையைத் துணியில் துடைத்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தார்.

“இது பெரிய மனுஷங்க வந்தா எடுக்குறதாச்சே. யாருக்கு?”

“விருந்தினருக்கு அத்தான்.”

வாங்கி, நின்றபடியே நிதானமாகக் குடித்தார். கடைசிச் சொட்டுவரை குடித்தார். கோப்பையை என்னிடம் கொடுத்தார்.

“சர்க்கரை கம்மி,” என்றார்.

பிறகு பேனாவை எடுத்து அதையும் பதிவேட்டில் எழுதினார்.